ஓரம் வெட்டிய படம்

பினாங்கு லெபோ பசாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே தெரு முழுக்கச் சினிமாப் பாட்டு அலறும். மேலே நாங்கள் செத்துப்போனவர்களின் பெயரைத் தேடிக்கொண்டிருப்போம். ஓசிஐ என்கிற, இந்திய வம்சாவளிக்காரர்களுக்கான அட்டைக்காகத் தாத்தா இந்தியாவிலிருந்து வந்ததைக் காட்ட வேண்டியவர்கள், சொத்துத் தகராறில் வாரிசு என்று நிரூபிக்க வேண்டியவர்கள், சும்மா "நம்ம ஊரு எதுன்னு தெரியணும்" என்று வருகிறவர்கள் என்று எல்லாருக்கும் இங்கே வேலை உண்டு. எனக்குப் பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு.

சேர்ந்த இரண்டாம் வருஷம், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். கத்தோலிக்கக் குடும்பம். அம்மாவைப் பெற்ற பாட்டியின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும் என்றார். பழைய பதிவேடுகளின் படங்களை ஏற்றியிருந்த ஒரு தளத்தில், பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லாமல், படம் படமாகத் தள்ளிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இங்கே இருந்த பிரெஞ்சுச் சாமியார்கள் பதிவேட்டை லத்தீனில் எழுதினார்கள். நம் பெயர்கள் அவர்கள் காதில் விழுந்தபடி பேனாவில் இறங்கியிருக்கும். ஆரோக்கியம்மாள் அங்கே 'அரோகியமா' ஆகியிருந்தாள். 1911. அப்பா பெயரும் அம்மா பெயரும் ஒத்துப்போயின.

கண்ட சந்தோஷத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஒரு வரி மட்டும் அழகாகத் தெரியும்படி நாலு பக்கமும் வெட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கோப்புக்குப் பெயர் 'பாட்டி புதுசு 2'. வாத்தியார் நாலு தடவை "தேங்க்ஸ் தம்பி" என்றார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் கழித்துத் திரும்ப வந்தார். படத்தைக் கொடுத்த இடத்தில், இது எந்தக் கோயில் பதிவேடு, எத்தனையாம் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. குறித்துவைத்திருந்த இணைப்பைத் தட்டினால் தளத்தின் முகப்புக்குப் போய் நின்றது. இடையில் தளத்தையே மாற்றி அமைத்திருந்தார்கள். கையில் இருந்தது ஒற்றை வரி. அப்பன் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி அது போனில் கிடந்தது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து மொத்தம் 896 படங்களில் தேடினேன். 412-ஆம் படத்தில் கிடைத்தது. பக்கத்தின் மூலையில் பார்த்தால் 187 என்று மையில் எழுதியிருக்கிறது. ஒரே ஃபிலிம் சுருளில் மூன்று பதிவேடுகளை அடுத்தடுத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். படத்தின் எண் வேறு, பக்கத்தின் எண் வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதைவிடப் பெரிய அடி இடது ஓரத்தில் காத்திருந்தது. வேறு மையில், வேறு கையெழுத்தில், சின்னதாக இரண்டு வரி: 1929, தைப்பிங், கூடவே தாத்தாவின் பெயர். பாட்டியின் கல்யாணக் குறிப்பு! 1908 ஈஸ்டரிலிருந்து நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, கல்யாணம் எங்கே நடந்தாலும் அதை ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலுக்குத் தெரிவித்து, அந்தப் பதிவின் பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும். அந்தக் குடும்பமோ கல்யாணப் பதிவைப் பினாங்கிலேயே பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. நான் வெட்டி எறிந்த ஓரத்தில் அது இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டுவதே இல்லை. முழுப் பக்கத்தையும் எடுக்கிறேன். எதிர்ப் பக்கம் இருந்தால் அதையும், பதிவேட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்து எடுக்கிறேன். குறிப்பை இப்படி எழுதுகிறேன்: இன்ன ஊர், இன்ன கோயில், ஞானஸ்நானப் பதிவேடு, 1908–1914, பக்கம் 187, பதிவு 43; இன்ன தளத்தில், இன்ன சுருள், படம் 412/896; பார்த்த தேதி. முதல் பாதி பதிவேட்டுக்கு, இரண்டாம் பாதி நான் அதைப் பார்த்த இடத்துக்கு. நாளைக்குத் தளம் மூடிப்போனாலும் முதல் பாதியை வைத்து ஒருவர் கோயிலுக்கே போய்க் கேட்கலாம்.

புதிதாகச் சேருகிற பிள்ளைகள் 'மூலம்: கூகுள்' என்று எழுதிக் கொடுப்பார்கள். சோறு எங்கே வாங்கினாய் என்றால் "தட்டில்" என்கிற கதை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் பழைய மரண அறிவிப்பு கிடைத்தால்கூட, எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எத்தனையாம் பக்கம் என்பதுதான் முதலில் வர வேண்டும்.

பட்டியலில் பெயரைப் பார்த்தோமா, படத்தையே பார்த்தோமா என்பதையும் எழுதச் சொல்வேன். பட்டியல் என்பது யாரோ ஒருவர் அந்தக் கையெழுத்தை வாசித்த விதம். முத்துவை 'மட்டு' என்று வாசித்தவர்களை எனக்குத் தெரியும். படமும் நேரே காகிதத்திலிருந்து வந்ததாக இருக்காது. வம்சாவளிப் பதிவுகளைத் திரட்டும் ஃபேமிலிசர்ச் காரர்கள் 1938-இலிருந்து மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். 24 லட்சம் சுருள்களையும் டிஜிட்டலாக்கி முடித்தது 2021-இல். அதாவது காகிதத்தைப் படம் பிடித்து, அந்தப் படத்தைத் திரும்பப் படம் பிடித்தது. எழுத்தின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அது சாமியாரின் மையா, ஃபிலிமில் விழுந்த கீறலா என்று யோசிக்காமல் நான் வருஷத்தைப் படிப்பதில்லை.

வாத்தியாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் முழுப் பக்கத்தையும் பார்த்தார். பாட்டியின் வரியில் கொஞ்ச நேரம்தான். அப்புறம் விரல் மேலே போனது.

"தம்பி, இந்த மேல் வரியில இருக்கிற பேரு... இவங்க எங்க தோட்டத்து லயத்துல எதிர்வீடு. கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினேன். அடுத்த ஃபெரியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் இன்னும் ஐந்து வரி இருந்தது.