ஸ்லாவியப் பேய்களுக்கு எல்லை உண்டு

ருஷ்யர், உக்ரைனியர், போலந்தியர் போன்ற ஸ்லாவிய மக்களின் பழமரபை ஃபேன்டசி நாவல்கள் வழியாக அறிந்தவர்கள் முதலில் கேட்பது தெய்வப் பட்டியலைத்தான். இடிக்கு யார், காற்றுக்கு யார், யாருக்கு யார் மகன்? நாவலாசிரியர்களும் தயங்காமல் கொடுத்துவிடுகிறார்கள்: முதல் பக்கத்தில் நாட்டு வரைபடம், அடுத்த பக்கத்தில் தேவ வம்சாவளி. ஆனால் கைக்குக் கிடைத்திருக்கும் சான்றுகள் இதற்கு நேர்மாறானவை. பெரிய தெய்வங்களைப் பற்றி எஞ்சியிருப்பவை சில வரிகள். அடுப்புக்குப் பின்னால் குடியிருக்கும் கிழவரைப் பற்றியோ பக்கம் பக்கமாகப் பதிவு இருக்கிறது.

கீவ் நகரில் 980-ஆம் ஆண்டு இளவரசர் விளாதிமிர் அரண்மனைக்கு வெளியே குன்றின்மேல் சிலைகள் நிறுத்தினார் என்று துறவிகள் எழுதிய பழைய நாளாகமம் சொல்கிறது. மரத்தில் செய்த இடிக் கடவுள் பெரூன், அதற்கு வெள்ளித் தலை, தங்க மீசை. கூடவே ஹோர்ஸ், தாஜ்பொக், ஸ்த்ரிபொக், சிமார்கல், மோகோஷ். அவ்வளவுதான். 988-இல் அதே விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றதும் பெரூனைக் குதிரை வாலில் கட்டி இழுத்து, பன்னிரண்டு ஆட்களை விட்டுக் கோலால் அடித்து, த்னீப்பர் ஆற்றில் தள்ளச் சொன்னார். மீசையின் நிறம் தெரிகிறது. மோகோஷ் என்ன செய்பவள் என்பது பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வம்சாவளி கேட்பவர்களுக்கு ஸ்வரோக்கின் மகன் தாஜ்பொக் என்று ஒரே ஒரு உறவு அகப்படும். அதுவும் நாளாகமத்தின் ஒரு பிரதியில், 1114-ஆம் ஆண்டுக் குறிப்பின் கீழ், கிரேக்க நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பில் ஹெஃபைஸ்டஸ், ஹீலியஸ் என்ற கிரேக்கக் கடவுளர்க்கு விளக்கமாகச் செருகப்பட்டது. பெரூனும் பாம்பு வடிவ வேலெஸும் மோதும் புகழ்பெற்ற கதை எந்தப் பழைய நூலிலும் முழுதாக இல்லை. இவானோவ், தொப்பரோவ் என்ற இரு அறிஞர்கள் பால்டிக் கதைகளையும் நம் இந்திரன்–விருத்திரன் போரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1974-இல் வெளியான நூலில் அதை மீட்டுருவாக்கினார்கள். அபாரமான உழைப்பு, ஆனாலும் ஊகம் ஊகம்தான். கறுப்புக் கடவுள் செர்னோபொக்குக்கும் இதே கதி. 12-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஹெல்மோல்ட், விருந்தில் கிண்ணம் சுற்றிவரும்போது நல்ல கடவுள், கெட்ட கடவுள் இருவர் பெயராலும் ஏதோ சொல்வார்கள் என்றும், கெட்டவனுக்குத்தான் இந்தப் பெயர் என்றும் எழுதினார். நல்லவனுக்கு அவர் பெயரே தரவில்லை. ‘வேலெஸ் நூல்’ என்று மரப்பலகைகளில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் புத்தகத்தை யாராவது ஆதாரமாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். அது 20-ஆம் நூற்றாண்டுப் போலி என்பதில் மொழியியலாளர்களுக்குச் சந்தேகம் கிடையாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பால்டிக் கடலில், இன்றைய ஜெர்மனிக்குச் சொந்தமான ரூகன் தீவின் அர்கோனா முனையில் இருந்த ஸ்வந்தோவித் கோயில். டென்மார்க் மன்னர் முதலாம் வால்டமார் 1168-இல் அதை இடித்தார். சாக்ஸோ கிராமடிகஸ் என்ற டேனிஷ் எழுத்தர் அங்கு நடந்த வழிபாட்டை விவரமாக எழுதி வைத்தார். நான்கு தலைச் சிலை. வலக்கையில் உலோக வேலைப்பாடு செய்த கொம்பு. அறுவடைத் திருவிழாவுக்கு முந்தைய நாள் பூசாரி தனியாக உள்ளே போய்க் கூட்டுவார். உள்ளே மூச்சு விடக்கூடாது; விட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு ஓடிவர வேண்டும். மறுநாள் கொம்பை எடுத்து, போன வருடம் ஊற்றிய மது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். குறைந்திருந்தால் அடுத்த வருடம் பஞ்சம், தானியத்தை இப்போதே சேமியுங்கள் என்று பொருள். பிறகு ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் வட்டத் தேன் அப்பத்தைத் தனக்கும் மக்களுக்கும் நடுவே வைத்து, “நான் தெரிகிறேனா?” என்று கேட்பார். தெரிகிறது என்றால், அடுத்த ஆண்டு தெரியாமல் போகட்டும் என்று வாழ்த்துவார். போருக்குப் போகலாமா என்று அறிய, ஈட்டிகளைக் குறுக்காக நட்டு மூன்று வரிசை அமைத்து வெள்ளைக் குதிரையை நடத்துவார்கள். வலது கால் முதலில் தாண்டினால் போர், இடது கால் என்றால் திட்டம் மாறும்.

இதில் எது சுவை? நான்கு தலை இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கூட்டும் அந்த மனிதர்தான். ஸ்லாவிய நம்பிக்கைகள் உயிரோடு இருப்பது விதிகளில்: எந்த இடம், எந்த நேரம், என்ன செய்யக்கூடாது, செய்துவிட்டால் எப்படி மீள்வது. மிகுபுனைவு எழுதுபவர்கள் தெய்வங்களை ஊதிப் பெரிதாக்கிவிட்டு இந்த விதிகளைக் கைவிடுகிறார்கள் என்பதே என் பெரிய குறை.

வடக்கு ருஷ்யக் கிராமத்தின் நீராவிக் குளியல் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். பான்யா என்பார்கள். பழைய வகையில் புகைபோக்கி கிடையாது. கற்குவியலுக்கு அடியில் விறகு எரியும், புகை கதவு வழியாகவும் சுவர்த் துவாரம் வழியாகவும் வெளியேறும். நெருப்பு முழுதாக அடங்கி, புகை போய், கொட்டகை சிறிது நேரம் ஆறிய பிறகே உள்ளே போய்க் கல்லின்மேல் தண்ணீர் வீச வேண்டும். அங்கே குடியிருப்பவன் பான்னிக். ஆட்கள் அணி அணியாகக் குளிப்பார்கள். மூன்றாவது அணியோ நான்காவதோ, வட்டாரத்தைப் பொறுத்து, பான்னிக்குக்கு. அவனுக்காகக் கொஞ்சம் தண்ணீரும் சோப்புத் துண்டும் பிர்ச் இலைக்கொத்தும் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். நள்ளிரவுக்குப் பின் போகக்கூடாது, தனியாகப் போகக்கூடாது. மீறினால் கொதிநீரை ஊற்றுவான், தோலை உரிப்பான், மூச்சை நிறுத்துவான். புதிதாகக் கட்டினால் வாசற்படிக்கு அடியில் ஒரு கறுப்புக் கோழியைப் புதைப்பது சில ஊர்களில் வழக்கம். உள்ளே திருவுருவப் படம் மாட்டமாட்டார்கள். கழுத்துச் சிலுவையையும் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள்.

மூச்சு நிற்பது கற்பனை இல்லை. தணல்மேல் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுக் கதவையும் துவாரத்தையும் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தனியாக, இரவில், களைப்போடு போனவரைத் தூக்கி வெளியே போட ஆள் இருக்காது. விதி முழுவதும் இதிலிருந்துதான் பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பான்னிக் எங்கே, எப்போது கொல்கிறான் என்பதையும் அந்த வாயு எங்கே, எப்போது கொல்லும் என்பதையும் அருகருகே வைத்தால் அதிகம் வித்தியாசமில்லை. தானியம் உலர்த்தும் கொட்டகையின் ஓவின்னிக்கும் அப்படியே. அடியில் குழியில் நெருப்பு, மேலே கதிர்க்கட்டுகள். கொஞ்சம் கவனம் பிசகினால் கொட்டகை போய்விடும். அவன் கறுப்புப் பூனை வடிவம், கண்கள் தணல். சிலுவை உயர்த்தல் திருநாளிலும் பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் தொடக்கத்தில் வரும் பக்ரோவ் திருநாளிலும் அங்கே நெருப்பு மூட்டக்கூடாது என்பது சட்டம்.

வீட்டுக் கிழவர் டொமொவோய் இவர்களைவிட நல்லவர். அதனால் வீடு மாறும்போது அவரையும் அழைத்துப் போக வேண்டும். முறை இது. குடும்பத்தின் மூத்த பெண் பழைய வீட்டு அடுப்பைக் கடைசியாக மூட்டுவாள். விறகு எரிந்து அடங்கியதும் தணலைச் சுத்தமான மண்பானையில் வாரி, வெள்ளைத் துணியால் மூடி, “தாத்தா, புது வீட்டுக்கு வாங்க” என்று அழைத்தபடி எடுத்துப் போவாள். புது வீட்டு வாசலில் குடும்பத் தலைவர் ரொட்டியும் உப்புமாக எதிர்கொள்வார். தணலைப் புது அடுப்பில் கொட்டி, பானையை உடைத்து, இரவில் வீட்டின் முன்மூலைக்கு அடியில் புதைப்பார்கள். அழைக்க மறந்தால் பழைய வீட்டில் அவர் அழுவது கேட்கும். ஏற்கெனவே ஒரு டொமொவோய் இருக்கும் வீட்டுக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தால் சண்டை. காலையில் குதிரைகள் வியர்த்து நுரை தள்ளி நிற்கும்.

கவனியுங்கள், அவர் அடுப்பும் தொழுவமும் தாண்டமாட்டார். காட்டு லேஷி வயலுக்குள் வரமாட்டான். லேஷி வழியை மறக்கடித்தால் சட்டையைத் திருப்பிப் போட்டு, வலது காலணியை இடது காலில் மாட்டிக்கொண்டால் வழி தெரிந்துவிடும், வாள் தேவையில்லை. பல நாவல்களில் லேஷி மரக்கொம்புகளோடு கிராமத்துக்குள் புகுந்து கூரைகளைப் பிய்க்கிறான். படிக்கப் பரபரப்பாக இருக்கலாம். ஆனால் எல்லை போனபின் அவனுக்கும் சாதாரண அரக்கனுக்கும் என்ன வேறுபாடு?

எனக்கு மிகவும் பிடித்த விதி ஜெர்மனியின் கிழக்கில் வாழும் ஸ்லாவிய இனத்தவரான சோர்பியர்களுடையது. பன்னிரண்டு மணி வெயிலில் வயலில் வேலை செய்பவர் முன் வெள்ளையுடுத்த நண்பகல் பெண் அரிவாளோடு நிற்பாள். தப்பிக்க ஒரே வழி, ஒரு மணி அடிக்கும்வரை, துணி நெய்ய நார் தரும் ஆளிச் செடியைப் பற்றி நிறுத்தாமல் பேச வேண்டும். விதைத்தது, களையெடுத்தது, அறுக்காமல் வேரோடு பிடுங்கியது, காயவைத்து விதை உதிர்த்தது, தண்ணீரில் ஊறப்போட்டுத் தண்டை அழுகவிட்டது, மறுபடி உலர்த்தி நொறுக்கியது, சிம்பைத் தட்டியது, இரும்புச் சீப்பில் வாரியது, நூற்றது, நெய்தது, புல்வெளியில் விரித்து வெளுத்தது. படியைத் தவறவிட்டால், பேச்சு தீர்ந்தால், தலை போகும். தொழில் தெரிந்தவள் பிழைக்கிறாள். இந்த ஒரு மணி நேரத்தை மட்டுமே வைத்து யாராவது ஒரு முழு அத்தியாயம் எழுத வேண்டும்.

ருசால்காவை மீன்வால் கன்னியாக்கியதும் பெரும் நஷ்டம். ருஷ்ய, உக்ரைனியக் கிராமத்து ருசால்காவுக்குக் கால்கள் உண்டு. காலத்துக்கு முன் இறந்த பெண்; திரித்துவத் திருநாளை ஒட்டிய வாரத்தில் பிர்ச் கிளையில் ஊஞ்சலாடுவாள், ரை வயலில் ஓடுவாள். அந்த வாரம் ஆற்றில் குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிரே வந்து “கசப்புச் செடியா, பார்ஸ்லியா?” என்று கேட்பாள். பார்ஸ்லி என்று சொன்னால் கிச்சுகிச்சு மூட்டியே கொன்றுவிடுவாள். திமித்ரி ஜெலேனின் 1916-இல் எழுதிய ஆய்வு, இவர்களை அகால மரணமடைந்தோரின் வரிசையில் வைத்தது. இன்றும் அதைத் தாண்டிப் போவது கடினம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ விவசாயிகளிடமிருந்து வந்தவை. தங்களை அவர்கள் பேகன், அதாவது பழைய தெய்வங்களை வணங்குபவர், என்று சொல்லிக்கொண்டதில்லை. திருவுருவப் படம் ஒரு மூலையில், டொமொவோய் அடுப்படியில். இரண்டும் ஒரே அறை. பழைய மதம் ரகசியமாகத் தப்பியது என்று நாவலில் வரும் காட்சி அழகு, வரலாறு அவ்வளவு நேராக இல்லை.

ருஷ்யக் கதைகளின் சூனியக் கிழவி பாபா யாகாவையும் ‘மறைக்கப்பட்ட பெருந்தேவி’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எழுத்தில் அவள் பெயர் முதலில் வருவது ருஷ்ய அறிஞர் லமனோசவின் 1755 இலக்கண நூலில்தான். சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் வழியாக ருஷ்யக் கதைகளுக்குள் நுழைந்தவர்களுக்குக் கோழிக்கால் குடிசை புதிதல்ல. கதையில் நாயகன் இவான் அவளைக் கொல்ல வருவதில்லை. குடிசையைத் திரும்பச் சொல்கிறான், உள்ளே போகிறான், அவள் மிரட்டும்போது “முதலில் சோறு போடு, குளிக்க வெந்நீர் போடு, பிறகு கேள்வி கேள்” என்று அதட்டுகிறான். இறந்தோர் உலகின் வாசற்காவலி அவள், அவளுடைய உணவைத் தின்றவனுக்கே அப்பால் வழி என்று 1946-இல் நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதிமிர் ப்ரோப் விளக்கினார். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இவானுடைய வரிசை மாறாமல் இருப்பதைப் பாருங்கள்: உணவு, குளியல், பிறகுதான் பேச்சு.

விதியை மதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் போலந்து எழுத்தாளர் சாப்கோவ்ஸ்கி அரக்கர்களை வேட்டையாடும் ‘விட்சர்’ பற்றி எழுதிய முதல் சிறுகதை சாட்சி. 1986-இல் போலந்தின் ‘ஃபன்டாஸ்டிகா’ இதழில் வந்தது; ரோமன் ஸ்மோர்ஸ்கியின் 19-ஆம் நூற்றாண்டு நாட்டுப்புறக் கதையைத் தழுவியது. கல்லறைப் பெட்டியிலிருந்து எழும் ஸ்த்ரீகா என்ற பெண் பேயைச் சேவல் மூன்றாம் முறை கூவும்வரை பெட்டிக்குத் திரும்பவிடக்கூடாது. நாயகன் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்கிறான். வாள்வீச்சு எத்தனை இருந்தாலும் கதையைத் தாங்குவது அந்த ஒரு நிபந்தனை.

எழுதப் போகிறவர்கள் முதலில் நாட்காட்டியைச் சரிபாருங்கள். கத்தோலிக்கப் போலந்தில் கோடைத் தீ எரிவது ஜூன் 23 இரவு. ஆர்த்தடாக்ஸ் பெலாரஸில் அதே தீத் திருவிழா, குபாலா என்ற பெயரில், பழைய கணக்குப்படி, ஜூலை 6 இரவு. இரண்டு ஊரையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தால் இரண்டு வாரம் உதைக்கும். அடுத்து, விருந்து. எல்லா நாவலிலும் வறுத்த பன்றிதான். உக்ரைனியக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் இறந்தவர்களுக்கும் சேர்த்து வைக்கும் முதல் உணவு குத்யா என்ற இனிப்புக் கோதுமைச் சோறு. அன்று இறைச்சியும் பாலும் கிடையாது.

செய்து பார்க்கலாம். உமி நீக்கிய முழுக் கோதுமை 200 கிராம், இரவெல்லாம் ஊறவைத்து, நாலு பங்கு தண்ணீரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், மணி வெடித்து மெத்தென்று ஆகும்வரை சிறுதீயில் வேகவிடுங்கள். உமி நீக்காத கோதுமை எவ்வளவு வெந்தாலும் தோல் ரப்பராகவே இருக்கும். கசகசா 100 கிராம், கொதிநீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறியபின் வடித்து, வெள்ளைப் பால் கசியும்வரை அம்மியிலோ மிக்ஸியிலோ அரைக்க வேண்டும். அரைபடாத கசகசா பல்லில் மணலாக நெருடும். கோதுமை வெதுவெதுப்பாக ஆறியதும் கசகசா, மூன்று மேசைக்கரண்டி தேன், வால்நட், உலர்திராட்சை. இவற்றைக் கலக்குமுன் கோதுமை வெந்த நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். இறுகினால் பிறகு ஒன்றிரண்டு கரண்டி வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். உட்காருமுன் பலகையை ஊதிவிட்டு உட்கார வேண்டும், அங்கே ஏற்கெனவே யாராவது உட்கார்ந்திருக்கலாம். பிறகு குடும்பத் தலைவர் ஒரு கரண்டி எடுத்துக் கூரையை நோக்கி வீசுவார். எத்தனை கோதுமை மணி ஒட்டுகிறதோ வரும் ஆண்டு அத்தனை தேனீக் கூட்டம். நீர்க்கச் செய்த குத்யாவில் ஒன்றுகூட ஒட்டாது.