கண்ணாடியில் ஒட்டலாம், இன்ஸ்டாகிராமில் கூடாது

லண்டனில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் வேலை. வெளியே போகும் ஒவ்வொரு வாசகத்தையும் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். என்னை அதிகம் அலைக்கழித்தவை வேப் எனப்படும் மின்சிகரெட்டுகளின் விளம்பரங்கள்.

2016 மே 20 முதல், மருந்தாக உரிமம் பெறாத நிகோட்டின் வேப்புகளைத் தொலைக்காட்சி, வானொலி, நாளிதழ், இணையம் ஆகியவற்றில் விளம்பரப்படுத்தப் பிரித்தானியச் சட்டம் தடை போட்டது. சுவரொட்டி, பேருந்தின் பக்கவாட்டு, துண்டுப்பிரசுரம், சினிமா தப்பின. விளம்பரத் தொழில்துறை தனக்கென வைத்திருக்கும் சிஏபி விதித்தொகுப்பிலும் அதற்கேற்ப 22.12 என்ற விதி சேர்ந்தது.

சிக்கல் அதில் இருந்த ஒரு விலக்கில்தான். அன்றைய விதிப்படி விற்பவர் தன் சொந்த இணையதளத்தில் பெயர், விலை, நிகோட்டின் அளவு, சுவை போன்ற விவரங்களைத் தரலாம். புகழக் கூடாது. ‘மாம்பழச் சுவை’ சரி; ‘மாம்பழத் தோப்புக்கே கூட்டிப்போகும்’ தவறு. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் தவறு. ஒரு வரிக்காக அரைநாள் வாதாடியிருக்கிறோம்.

நான் தவறியது வேறிடத்தில். விற்பவரின் இன்ஸ்டாகிராம் பக்கமும் அவருடைய இணையதளம் போன்றதுதான், விவரம் மட்டும் போடலாம் என்று ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்லியிருந்தேன். 2019 டிசம்பரில், இந்த விதிகளைக் கண்காணிக்கும் விளம்பரத் தர ஆணையம், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் ‘வைப்’ (Vype) என்ற வேப் வகையின் இன்ஸ்டாகிராம் பதிவுகள் மீதான தீர்ப்பில் அதை மறுத்தது. பொதுவில் திறந்திருக்கும் கணக்கை இணையதளமாகக் கொள்ள முடியாது. வெறும் விவரமும் கூடாது. இரண்டு நாள் உட்கார்ந்து பதிவுகளை நீக்க வைத்தேன். நான் சொன்னதை நம்பிப் போட்டவர்கள் அவர்கள். அது இன்றும் உறுத்துகிறது.

பிறகு, கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் கேட்டார்: “தம்பி, கடைக் கண்ணாடியில ஒட்டலாம் எண்டா, இன்ஸ்டாகிராமில ஏன் போடேலாது?”

“கண்ணாடியைச் சட்டம் தடுக்கேல்ல, அண்ணை; இணையத்தைத்தான் தடுத்தது. உங்கட இணையதளத்துக்கு வாறவர் தேடி வாறார், அதால அதுக்கு மட்டும் விலக்கு. இன்ஸ்டாகிராமில நீங்கள் போடுறது, தேடாத ஆளிட்டயும் போகும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “என்ர மகளின்ர போனுக்கும் போகுமோ?”

“போகலாம்.”

மகளுக்குப் பதின்மூன்று வயது. அன்றிரவே தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எடுத்துவிட்டார். கண்ணாடியில் ஒட்ட அவர் அனுப்பிய தாளில் நிகோட்டின் இருப்பதாக ஒரு சொல்லும் இல்லை. அந்த வரியைப் பெரிய எழுத்தில் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்.