வெளிநாட்டு அனுபவத்தோடு கனடாவில் வெல்டர் ஆவது

கனடாவுக்குப் புதிதாகக் குடிவந்த வெல்டர்கள் பலர் என்னிடம் முதலில் கேட்பது, "இங்கே லைசென்ஸ் எப்படி எடுப்பது?" என்பதுதான். வளைகுடா நாடுகளில் பைப் வேலை பார்த்துவிட்டு ஒன்ராறியோவுக்கு வந்தபோது எனக்கும் இதே கேள்வி இருந்தது. இதற்கு ஒற்றை விடை கிடையாது. ஏனென்றால் இங்கே ஒரு வெல்டரின் தகுதியை இரண்டு தனித்தனி வழிகளில் பார்க்கிறார்கள். தொழில் முழுவதும் உங்களுக்குத் தெரியும் என்று மாகாணம் வழங்கும் தகுதிச் சான்றிதழும், அதன்மேல் நாடு முழுவதும் மதிக்கப்படும் ரெட் சீல் முத்திரையும் ஒரு வழி. குறிப்பிட்ட முறையில், குறிப்பிட்ட நிலையில் உங்கள் கை போடும் வெல்டு தாங்குகிறதா என்று மட்டும் பார்க்கும், கனடிய வெல்டிங் பீரோவின் சி.டபிள்யூ.பி. சோதனை இன்னொரு வழி. ஒன்றுக்குத் தாளில் விடை எழுத வேண்டும், மற்றதற்குத் தகட்டில் வெல்டு போட வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, ரெட் சீல் கையில் வரும்வரை வெல்டிங் வேலையே தேடக்கூடாது என்று நம்பிக் கிடங்குகளில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் தேர்ந்த கைகாரர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கனடாவில் தொழில் சான்றிதழ் மாகாணங்களின் பொறுப்பு. ஒன்ராறியோவில் வெல்டர் தொழில் 456ஏ என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. அது கட்டாயச் சான்றிதழ் தேவைப்படும் தொழில் அல்ல. அதாவது, தகுதிச் சான்றிதழ் இல்லாமலேயே ஒரு நிறுவனம் உங்களை வெல்டராக வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆல்பர்ட்டாவில் நிலைமை வேறு. அங்கே இது கட்டாயச் சான்றிதழுக்குரிய தொழில். ஒரு மாகாணத்தில் இருக்கும் உறவினர் சொன்னதை அப்படியே இன்னொரு மாகாணத்தில் நம்பி நடப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

ஆகவே, ஒன்ராறியோவுக்கு வருகிறவர்கள் சி.டபிள்யூ.பி. சோதனையை முதலில் முடித்து, அதைக் கொண்டு எஃகை வெட்டி இணைத்துச் சட்டகங்கள் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் கடைக்குள் நுழைந்து, வேலையில் இருந்துகொண்டே ரெட் சீலுக்குப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1947-இல் தொடங்கப்பட்ட கனடிய வெல்டிங் பீரோ, சி.எஸ்.ஏ. டபிள்யூ47.1 என்ற கனடியத் தரநிலையின்படி எஃகு வேலை செய்யும் நிறுவனங்களுக்குச் சான்று அளிக்கிறது. கட்டடங்களுக்கான எஃகுச் சட்டகங்களைச் செய்யும் நிறுவனம் இந்தச் சான்றை வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் காப்பாற்ற, அங்கே வெல்டு போடுகிறவர்களும் அதே தரநிலையில் தேறியிருக்க வேண்டும். உங்களை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு உடனடியாகத் தேவைப்படுவது இந்தத் தேர்ச்சிதான். சோதனைத் தகட்டை எந்த நாட்டில் தொழில் கற்றவர் பற்றவைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. தேர்ச்சி 2 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் மீண்டும் சோதனை கொடுக்க வேண்டும்.

சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவசாலிகள் தடுமாறும் இடம் இங்கேதான் இருக்கிறது. தட்டை, கிடை, செங்குத்து, தலைக்குமேல் என்று நான்கு நிலைகள். இடைவெளிக்குப் பின்னால் பின்பட்டை என்ற எஃகுப் பட்டையை வைத்துப் பொருத்திய தகடுகளை 7018 வகை வெல்டிங் ராடால் பற்றவைப்பது வழக்கமான தொடக்கம். இந்த ராடை இங்கே இ4918 என்று மெட்ரிக் கணக்கில் குறிப்பார்கள், 7018-இல் உள்ள 70 குறிக்கும் 70,000 பி.எஸ்.ஐ. இழுவலிமையே சுமார் 490 மெகாபாஸ்கல் ஆவதால் 49 வந்தது, ராடு என்னவோ நாம் ஆண்டாண்டாகப் பிடித்ததுதான். வெல்டின் நடுவே ஓரிடத்தில் ஆர்க்கை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும், பிறகு அந்த இடத்தை உள்ளடக்கித்தான் வளைவுச் சோதனைக்கான துண்டை வெட்டுவார்கள். எனவே, ஓடிக்கொண்டிருக்கும் வெல்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், நின்று தொடங்கிய அந்த அரை அங்குலம்தான் உங்கள் முடிவை எழுதுகிறது.

7018 ராடில் ஆர்க் பற்றிய முதல் கணத்தில், பூச்சு எரிந்து உருவாகும் பாதுகாப்பு வாயு இன்னும் உருகிய உலோகக் குளத்தைச் சூழ்ந்திருக்காது. காற்று உள்ளே புகுந்து நுண்துளைகள் விழும். இதைத் தவிர்க்க, நிறுத்திய இடத்தில் வெல்டின் மேல் படியும் ஸ்லாக் கசடைச் சுத்தமாகத் தட்டி, ஆர்க் நின்ற இடத்துக் குழியின் விளிம்பைக் கிரைண்டரால் சரிவாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு குழியிலிருந்து ஏறக்குறைய அரை அங்குலம் முன்னே, வெல்டு இனிமேல் போகவிருக்கும் பள்ளத்திற்குள்ளேயே ஆர்க்கைப் பற்றவைத்து, ஆர்க்கின் நீளத்தைக் குறைத்துக்கொண்டு பின்னோக்கிக் குழிக்குள் கொண்டுவந்து, குழி நிரம்பியதும் முன்னோக்கி நகர வேண்டும். இப்படிச் செய்தால் ஆர்க் பற்றிய இடத்தின் மேலேயே வெல்டு திரும்பவும் போய், அங்கே விழுந்த துளைகளை உருக்கிவிடும். வெட்டிய துண்டை யூ வடிவத்திற்கு வளைக்கும்போது, வெளிப்பரப்பில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு பிளவு திறந்தால் தோல்வி. டிக் முறையில் அடி வெல்டு (ரூட்) போட்டு, எக்ஸ்ரேயில் குறையே வராத 6ஜி, அதாவது சாய்த்து நிறுத்திய பைப்பில் தேறிய வெல்டர்கள் செங்குத்துத் தகட்டில் இந்த ஓரிடத்தில் தவறியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. பல ஆண்டுகளாக அந்த இயக்கத்தைக் கை செய்யவில்லை, அவ்வளவுதான். உள்ளூர்க் கல்லூரியின் மாலை வகுப்பில் ஒரு பூத்தைப் பிடித்து, நிறுத்தித் தொடங்குவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுவது இதற்குப் போதும்.

ராடோடு நின்றுவிடவும் கூடாது. இங்குள்ள ஃபேப்ரிகேஷன் கடைகளில் நாள் முழுவதும் ஓடுவது பெரும்பாலும் இயந்திரம் தொடர்ந்து ஊட்டும் வயர்தான்: உள்ளே ஃப்ளக்ஸ் பொடி நிரப்பிய ஃப்ளக்ஸ் கோர், உலோகப் பொடி நிரப்பிய மெட்டல் கோர். வயரின் வேகத்தையும் வோல்டேஜையும் காதால் கேட்டே சரிசெய்யும் பழக்கம் வந்தவரைத்தான் கடைக்காரர்கள் தேடுகிறார்கள். ஒரு முறையில் பெற்ற தேர்ச்சி இன்னொரு முறைக்குச் செல்லாது என்பதால் வயருக்கும் தனியாகச் சோதனை கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்து ரெட் சீல். ஒன்ராறியோவில் வேலை பார்த்துக்கொண்டே தொழில் பழகும் வெல்டர் அப்ரெண்டிஸ் ஒருவர் வகுப்பையும் சேர்த்து 6,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 3 ஆண்டு முடித்தாக வேண்டும். வெளியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஸ்கில்டு டிரேட்ஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அமைப்பிடம் தொழில் சமநிலை மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, அனுபவம் ஏற்கப்பட்டால் நேரே தேர்வெழுதலாம். இந்த மதிப்பீட்டின் உயிர் காகிதத்தில் இருக்கிறது. "இவர் எங்களிடம் நல்லமுறையில் பணியாற்றினார்" என்ற கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த வெல்டிங் முறை, எந்த உலோகம், என்னென்ன வேலை என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்தும் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும். ஊர் திரும்பாமல் நேரே கனடாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள், புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு முதலாளியிடமும் இதை வாங்கிவிடுங்கள். புராஜெக்ட் முடிந்தால் வளைகுடாவில் ஒப்பந்த நிறுவனங்கள் கலைந்துபோகின்றன. மேற்பார்வையாளர் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறார். கடல் கடந்து இருந்துகொண்டு அந்தக் கையெழுத்தைத் தேடுவது பெரும் துன்பம். பழைய வெல்டர் தகுதிப் பதிவுகள், எக்ஸ்ரே அறிக்கைகள், நிறுவன அடையாள அட்டைகள் ஆகியவற்றின் நகல்களும் உடன் இருக்கட்டும்.

தேர்வு பல்தேர்வு வினாக்களால் ஆனது. 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. வெல்டு போடத் தெரிந்தவர்களுக்கு இதில் கடினமாக இருப்பது வரைபடம் படிப்பது. நம்மூரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் வரைந்த படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே தேர்டு ஆங்கிள் முறையில் மேல்தோற்றம் மேலேயும் வலத்தோற்றம் வலப்பக்கத்திலும் இருப்பது முதலில் குழப்பும். ஒரு பிராக்கெட்டைப் பக்கம் மாற்றிப் பொருத்த இதுவே போதும். வெல்டிங் குறியீடும் அப்படியே. ஐரோப்பிய முறையில் முழுக்கோட்டோடு ஒரு புள்ளிக்கோடும் ஓடும். இங்கே ஒரே கோடுதான், அதற்குக் கீழே குறி இருந்தால் அம்பு காட்டும் பக்கம், மேலே இருந்தால் மறுபக்கம். இரு தகடுகள் சேரும் மூலையில் போடும் ஃபில்லெட் வெல்டின் அளவு இங்கே காலின் நீளம், அதாவது மூலையிலிருந்து தகட்டின்மேல் வெல்டு பரவும் தூரம். ஐரோப்பிய படத்தில் 'ஏ5' என்றால் அது தொண்டைத் தடிமன், அதாவது மூலையிலிருந்து வெல்டின் முகம் வரையுள்ள மிகக் குறைந்த தூரம், காலளவில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அங்கே பழகியவர் அதே நினைவில் இங்கே 5 என்று பார்த்து 7 போட்டால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாத நீளத்தைக் கூடுதலாகக் காலில் ஏற்றி, தேவையின்றித் தகட்டைக் கோணவைப்பார். இந்த மூன்று விஷயங்களுக்காக மட்டுமே ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, கடையில் கையில் வரும் ஒவ்வொரு படத்தையும் தாளில் திரும்ப வரைந்து பார்ப்பது, எந்தப் பயிற்சி நூலையும்விட எனக்கு உதவியது.

பாய்லர், பிரஷர் பைப் வேலைக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு இன்னொரு படி மீதமிருக்கிறது. ஒன்ராறியோவில் அந்த வேலை டி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணப் பாதுகாப்பு அமைப்பின் மேற்பார்வைக்குள் வருகிறது, தேர்ச்சி அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் நெறிநூலில் ஒன்பதாம் பிரிவின் விதிகளைத் தழுவியது. அதே ஒன்பதாம் பிரிவின்படி வளைகுடாவில் 6ஜி தேறியிருந்தாலும் இங்கே புதிதாகச் சோதனை கொடுக்கத்தான் வேண்டும். தேறிய பிறகும், ஒரு முறையில் 6 மாதங்களுக்கு மேல் வெல்டு போடாமலிருந்தால் அந்த முறையின் தகுதி காலாவதியாகிவிடும். ஆகையால் பிரஷர் வேலை கிடைத்தவர்கள், எந்த மாதம் எந்த முறையில் வெல்டு போட்டோம் என்பதை மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு முதல் மாதத்திலிருந்தே பதிவுசெய்து வாருங்கள்.