படுக்கைப் புண்ணை மறைக்காமல் எழுதத் தொடங்கினோம்

பக்கவாத நோயாளிகள் அதிகம் வரும் வார்டு எங்களுடையது. படுக்கைப் புண்ணைத் தடுக்கப் புதிய முறை கொண்டுவரலாம் என்றதும் முதலில் எழுந்தது பயம். "புண்ணை நாமே எழுதி வைத்தால், நாளைக்கு மெமோ நமக்குத்தானே வரும்?" என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தேடி நேராக நர்சிங் சூப்பரின்டெண்டன்ட்டிடம் போனேன். இந்தக் கணக்கை வைத்து யாரிடமும் விளக்கம் கேட்கப்படாது என்று அவர் வார்டுக்கே வந்து சொன்னார். சேர்க்கையின்போதே இருக்கும் புண்ணைத் தனியாகக் குறிக்கவும் சொன்னார். புண்ணோடு வந்து சேர்பவர்கள் இத்தனை பேரா என்பது அதன்பிறகுதான் தெரிந்தது.

யாருக்குப் படுக்கைப் புண் வரும் ஆபத்து உண்டு என்று மதிப்பிடுவதற்கு பிரேடன் அளவுகோலை எடுத்துக்கொண்டோம். உணர்வு, ஈரம், அசைவு, உணவு உள்ளிட்ட 6 கூறுகள். உச்ச மதிப்பெண் 23. 18-க்கு மேல் போகாவிட்டால் ஆபத்து. இதைக் கற்பது எளிதாகவே இருந்தது.

பெரும்பாடு பட்டது பேக் கேர் விஷயத்தில். முதுகில் ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் போட்டு, அழுத்தித் தடவிவிடுவது மூத்தவர்களுக்குக் கை பழகிய வேலை. நோயாளிமேல் உள்ள அக்கறையால் செய்வது. ஸ்பிரிட் தோலை உலர்த்தும், அழுத்தம்பட்ட இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் திசு இன்னும் நைந்துபோகும் என்று வகுப்பெடுத்தும் பயனில்லை. கடைசியில் சீனியர் அக்கா ஒருவரிடம், ஒரு நோயாளியின் குதிகாலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் கண்ணில் படாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருப்பது தெரிந்துவிடும். தொட்டுப் பார்த்தவர், "இந்த இடத்தைத் தேய்க்கக் கூடாதுதான்மா" என்றார். இப்போது புதிதாக வருகிறவர்களின் கையைப் பிடித்து இதைக் காட்டிக்கொடுப்பவர் அவர்தான்.

வார்டு முழுவதும் ஒரே நாளில் தொடங்காமல், முதலில் ஒரு வரிசைக் கட்டில்களில் மட்டும் செய்து பார்த்தோம். இரவு டியூட்டியில் இருக்கும் ஆள் பலத்தை வைத்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் திருப்பிப் படுக்கவைப்பது நடக்காத காரியம். அதனால் கூட இருக்கும் உறவினர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்: 30 டிகிரி சாய்த்தால் போதும், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதற்காக இரவில் ஆள் குறைவாக இருப்பது சரியாகிவிடாது. அதைக் கூட்டம்தோறும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எலும்பு முறிவு வார்டும் இப்போது எங்கள் படிவத்தைக் கேட்டிருக்கிறது. டிராக்‌ஷனில் (முறிந்த எலும்பை எடை கட்டி இழுத்து வைக்கும் முறை) இருப்பவரை நினைத்தபடி பக்கவாட்டில் திருப்ப முடியாது என்பதால், அந்தப் பகுதியை அவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறோம்.