.357 சிக்: கழுத்து ஒருவழியாகப் பிடித்தது

.357 சிக் கைத்துப்பாக்கித் தோட்டாவை, சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டில் மறுபடி நிரப்பிச் செய்யும் முயற்சியில் மூன்று வார இறுதிகள் போயின. நேற்று ராத்திரிதான் குண்டு கூட்டின் கழுத்தில் நகராமல் நின்றது. வெடிமருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத மாதிரித் தோட்டாவை மேஜை விளிம்பில் வைத்து, கட்டைவிரலால் முழு பலத்தோடு அழுத்தினேன். காலிப்பரில் மொத்த நீளம் முன்பும் 1.135 அங்குலம், பின்பும் 1.135. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

முதல் வாரம் இதே சோதனையில் குண்டு 1.09 வரை உள்ளே போய்விட்டது. அழுத்தம் இவ்வளவு அதிகமான தோட்டாவில் குண்டு உள்ளே தள்ளப்பட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் ஒன்றைக்கூட நிரப்பவில்லை.

.357 சிக்கின் கழுத்து 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தச் சின்ன இடம்தான் குண்டைப் பிடித்தாக வேண்டும். உருண்டை மூக்கு 9 மி.மீ. குண்டு இதற்குச் சரிப்படாது. மூக்கின் வளைவு கழுத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். தட்டை மூக்குக் குண்டுக்கு மாறினேன். கொஞ்சம் தேவலை, ஆனாலும் நகர்ந்தது. கூட்டின் வாயைக் குண்டின் மேல் அழுத்தும் கிரிம்ப்பை இறுக்கினேன், இன்னும் மோசம். இறுக்க இறுக்கப் பித்தளை கொஞ்சம் விரிந்து திரும்புகிறது, உள்ளே இருக்கும் குண்டு அந்த அளவுக்குத் திரும்புவதில்லை. பிடி தளர்ந்துவிடுகிறது.

கடைசியில் எக்ஸ்பாண்டரை (கழுத்தின் உள்பக்கத்தை விரிக்கும் உருளை) அளந்தேன். 0.354 அங்குலம். குண்டு 0.355. இடையில் ஒரே ஒரு தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு)! டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, 600 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, பத்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி அளந்து, 0.352-க்குக் கொண்டுவந்தேன். பிறகு 1500 தாளில் மெருகேற்றினேன். அவசரப்பட்டால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிடும். இப்போது குண்டை உட்கார வைக்கும்போதே பிரஸ் கைப்பிடியில் அந்தப் பிடி தெரிகிறது. வெளியே கழுத்தின் மேல் குண்டின் அடிப்பாகம் மெல்லிய வளையமாகப் புடைத்து நிற்பது கண்ணுக்கே தெரிகிறது.

கூடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் வாங்கிய 500 கூடுகளில் நாற்பதுக்கு மேல் வேறு ரகத் தோட்டாவான .40 எஸ்&டபிள்யூவைக் கழுத்து சுருக்கிச் செய்தவை. அடியில் ".40" என்றே முத்திரை இருக்கிறது. .40 கூட்டின் நீளம் 0.850, இதற்கு வேண்டியது 0.865. ஏற்கெனவே குட்டையான கழுத்தில் 15 தவு போனால் என்ன மிச்சம்? விற்றவரிடம் கேட்டேன், பதிலே இல்லை. கலந்து விற்பது பெரிய தப்பு. எல்லாவற்றையும் பொறுக்கித் தனி டப்பாவில் போட்டுவிட்டேன்.

.357 சிக்குக்கான கார்பைடு டை (கூட்டைச் சுருக்கும் கடினமான அச்சு) விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் முதலில் .40 கார்பைடு டையில் கூட்டின் உடம்பை மட்டும் சுருக்கி, அப்புறம் மசகு தடவி ஸ்டீல் டையில் கழுத்தையும் தோளையும் முடிக்கிறேன். கை வலி பாதியாகிவிட்டது, கூடு சிக்குவதும் இல்லை.

அடுத்து 7.62×25 டோக்கரேவ் தோட்டா. .223 ரைஃபிள் கூட்டை வெட்டிச் செய்யலாம் என்பதால் பித்தளைக்குப் பஞ்சமில்லை. கழுத்தின் உள்பக்கச் சுவர் தடித்துவிடும், அதைக் குடைந்து எடுக்க ஒரு ரீமர் தேடிக்கொண்டிருக்கிறேன். 5.7×28 தோட்டா பக்கம் போகும் எண்ணம் இல்லை. கூட்டின் மேல் பூசியிருக்கும் பூச்சைக் கெடுக்காமல் வேலை செய்யும் பொறுமை எனக்கு இப்போதைக்கு இல்லை.

சிக்கில் இன்னும் 460-க்குச் சற்றுக் குறைவான கூடுகள் பாக்கி. சனிக்கிழமை அவற்றின் நீளத்தை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். மருந்துத் தராசை அதுவரை தொடப்போவதில்லை.