வெளிக்காற்று வெப்பநிலை: சென்சரை எங்கே பொருத்துவது?

வீட்டில் கட்டிய சிறு விமானத்தில் வெளிக்காற்று வெப்பமானி கூடுதலாகக் காட்டுகிறதா? சென்சரை மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் பிழை அதைப் பொருத்திய இடத்தில்தான்.

முன்பக்கம் இஞ்சின் உள்ள விமானத்தில் சூடான காற்று இஞ்சின் மூடியின் அடிவழியே வெளியேறி, வயிற்றையும் பக்கங்களையும் தடவிக்கொண்டு போகும். ஆகவே வயிற்றுப் பக்கம் வேண்டாம். விமானி அறைக்குக் காற்று எடுக்கும் நாக்கா துளை வசதியாகத் தெரியும். ஆனால் துளையை மூடினால் அறைச்சூடு சென்சரில் ஏறிவிடும். நல்ல இடம் இறக்கையின் அடியில், புரொப்பெல்லர் காற்று படாத தூரத்தில் உள்ள சோதனைத் துளையின் மூடித்தகடு. அங்கே நிழல் கிடைக்கும். இடம் சரிவராவிட்டால் மூடியை மட்டும் மாற்றினால் போதும், இறக்கைத் தகட்டைத் துளைக்கத் தேவையில்லை. எரிபொருள் தாங்கிக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். வெயிலில் சூடான பெற்றோல் பறக்கும்போதும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். தகட்டுக்கும் சென்சருக்கும் நடுவே நைலோன் வாஷர் போடுங்கள், முனை 2–3 சென்ரிமீற்றர் வெளியே நிற்கட்டும்.

கொழும்புக்கு அருகே, கடல் மட்டத்தை ஒட்டிய இரத்மலானை விமானநிலையத்தில் 31 பாகை என்றால், நியம அழுத்தத்தில் அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்தியைப் பார்த்தால் விமானம் எந்த உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும் என்ற எண்) ஏறத்தாழ 1900 அடி. சென்சர் 5 பாகை குறைத்துக் காட்டினால் அதில் 600 அடி மறைந்துவிடும். ஓடுதளக் கணக்கில் இது விளையாட்டல்ல. காற்றினூடே விமானம் செல்லும் உண்மை வேகத்தைக் கணக்கிடும்போது அதே பிழை 120 நொட்டுக்கு 1 நொட்தான். நிறுத்திவைத்த விமானத்தின் அளவை எப்படியும் நம்பக்கூடாது, கொங்கிறீற்றுத் தளத்தின் வெக்கை அதில் சேர்ந்திருக்கும். புறப்படும்போது கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் எண்ணையே எடுங்கள்.

சென்சருக்கு 10 கிலோ ஓம் தேர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு) போதும். டிஎஸ்18பி20 என்ற டிஜிற்றல் வெப்பச் சென்சரை வாங்குவதென்றால் கவனம், சந்தையில் போலிகள் ஏராளம். அது திடீரென 85 பாகை காட்டினால் பயப்பட வேண்டாம்: மின் வந்ததும் அதன் தொடக்க எண் அது, அளந்து முடிக்க 750 மில்லிசெக்கன் வேண்டும். எந்தச் சென்சரானாலும் அதன் எர்த் கம்பியை விமான உடலில் இணைக்காமல் நேரே கருவிக்கே கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் விளக்குகளைப் போடும்போதெல்லாம் எண் துள்ளும்.

அளவுதிருத்தத்துக்கு நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து சென்சரை அமிழ்த்துங்கள், அது 0 பாகை காட்ட வேண்டும். ஐஸ் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் கூடினால் அடியில் 0 பாகை இராது, கிளறிக்கொண்டே இருங்கள்.

கடைசியில் பறந்து பாருங்கள். ஒரே உயரத்தில் 80 நொட்டிலும் 120 நொட்டிலும் எண் நிலைத்த பின் குறித்துக்கொள்ளுங்கள். காற்று மோதி நிற்பதால் 120 நொட்டில் 2 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் 80 நொட்டில் 1 பாகைக்குக் குறைவாகவும் ஏறலாம். எனவே வேகமாகப் போகையில் 1 பாகை வரை கூடுவது இயல்பு. மாறாக, வேகம் குறையக் குறைய எண் ஏறினால் இஞ்சின் சூடு சென்சரை எட்டுகிறது. இடத்தை மாற்ற வேண்டியதுதான்.