சாம்பலா ரோஸா: ஆறாவது முயற்சியில் படம் பிரிந்தது

ஒரே செருப்புப் படத்தை ஆளுக்கொரு நிறமாகப் பார்க்க வைக்க முயன்றுகொண்டிருந்தேன். நேற்று ராத்திரி ஒருவழியாகப் படம் பிரிந்துவிட்டது, அதாவது பார்த்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். 14 பேருக்குக் காட்டினேன். 8 பேர் சாம்பல் செருப்பு, பச்சை சாக்ஸ் என்றார்கள். 5 பேர் ரோஸ் செருப்பு, வெள்ளை சாக்ஸ் என்று அடித்துச் சொன்னார்கள். மீதி ஒருவருக்கு முதலில் சாம்பலாகத் தெரிந்தது, அரை நிமிடத்தில் ரோஸாக மாறியது, அதற்கப்புறம் எவ்வளவு முயன்றும் சாம்பல் திரும்பி வரவில்லை. மூன்று வாரமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

2015 பிப்ரவரியில் சிலருக்கு நீலம்-கறுப்பாகவும் சிலருக்கு வெள்ளை-தங்கமாகவும் தெரிந்து ஊரையே இரண்டாக்கிய அந்த உடைப் படம் தற்செயலாக அமைந்தது. வேண்டுமென்றே அப்படி ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் பார்வை ஆய்வாளர்களான பாஸ்கல் வாலிஷும் மைக்கேல் கார்லோவிச்சும்: ரோஸ் கிராக்ஸ் செருப்பு, வெள்ளை சாக்ஸ், பச்சை ஒளி. படத்தில் செருப்பு சாம்பலாகப் பதியும். சாக்ஸ் வெள்ளைதான் என்று எடுத்துக்கொள்ளும் மூளை பச்சையைக் கழித்துவிட்டு ரோஸைக் காட்டும். நான் செய்ததும் இதைத்தான், கணினியில் நிறத்தை மாற்றாமல் நிஜ விளக்கில்.

முதல் முயற்சி வெறும் பச்சை எல்.ஈ.டி. அதில் சிவப்பும் நீலமும் இல்லவே இல்லை, அதனால் செருப்பிலிருந்து பச்சையைத் தவிர வேறொன்றும் திரும்பி வராது. அழுக்குப் பச்சையாகத்தான் பதிந்தது. (இந்த விளக்குகளை விற்பவர்கள் அலைநீளத்தைப் பெட்டியில் போட்டால் என்ன குறைந்துவிடும்? நான் வாங்கிய மூன்றில் ஒன்றில்கூட இல்லை.) சாம்பல் வேண்டுமென்றால் மூன்று நிறமும் இருக்க வேண்டும், செருப்பு எதை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறதோ அதை ஒளியில் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். ஆக, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஆர்.ஜி.பி. பட்டை விளக்குக்கு மாறினேன்.

என் நேரத்தையெல்லாம் தின்றது இந்தக் கட்டம்தான். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் செருப்பின் அளவு சிவப்பு 243, பச்சை 188, நீலம் 204 (ஒவ்வொன்றும் 255-க்கு). சரி, 188-ஐ 243-ஆல் வகுத்து சிவப்பையும், 204-ஆல் வகுத்து நீலத்தையும் குறைத்தால் போதும் என்று 197, 255, 235 வைத்தேன். செருப்பு ரோஸாகவே நின்றது. இரண்டு நாள் விளக்கை நொந்துகொண்டேன், கேமராவை நொந்துகொண்டேன். தப்பு கணக்கில் இருந்தது. படத்தில் இருக்கும் எண் ஒளியின் நேரடி அளவு இல்லை, காமா என்ற அடுக்குக் கணக்கைப் போட்டுச் சுருக்கிய எண். விளக்கின் எண்ணோ கிட்டத்தட்ட நேரடி அளவு. படத்தின் விகிதத்தை 2.2 அடுக்குக்கு உயர்த்திய பிறகுதான் விளக்குக்குக் கொடுக்கலாம். அப்படிப் போட்டால் சிவப்பு 145-க்கும் நீலம் 213-க்கும் வருகிறது. என் பட்டையின் வெள்ளையிலேயே நீலம் தூக்கல் என்பதால் நீலத்தை 190 வரை இறக்கினேன், சிவப்பை 150-க்கு ஏற்றினேன். எடுத்த படத்தில் செருப்பின் மேல் பத்து இடத்தில், நிறத்தின் எண்ணைச் சொல்லும் நிறம்பிடிக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன், மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று நாலைந்துக்குள் நின்றன.

இந்த வேலையில் கண்ணை நம்பவே கூடாது. பச்சை அறையில் ஐந்து நிமிடம் இருந்தால் கண் பழகிவிடும், செருப்பு பளிச்சென்று ரோஸாகத் தெரியும். எண் மட்டும்தான் துணை. வெளிச்சத்தின் சாயலைச் சரிசெய்யும் போனின் தானியங்கி ஒயிட் பேலன்ஸும் அதே வேலையைச் செய்து பச்சையைத் துடைத்துவிடும், அதை 5500 கெல்வினில் (பகல் வெளிச்ச அளவில்) பூட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காட்டும்போது எதிராளியின் போனில் திரையை மஞ்சளாக்கும் இரவு வெளிச்ச வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என் முதல் சுற்றுப் பதில்கள் மொத்தமும் அதனால் வீணாயின.

எண்ணெல்லாம் சரியான பிறகும் படம் பிரியவில்லை! சாக்ஸ் எதற்கு, வெள்ளையாக எது இருந்தாலும் போதும் என்று நினைத்து, செருப்பை வெள்ளைத் தாளின் மேல் வைத்திருந்தேன். எல்லாருமே சாம்பல் செருப்பு, பச்சைத் தாள் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான், தாள் எந்த நிறத்திலும் கிடைக்கிறதே. அடுத்து பஞ்சு. பஞ்சு வெள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, எல்லாரும் ரோஸ் பக்கம் போய்விட்டார்கள். சாக்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பெரும்பாலும் வெள்ளை, ஆனால் பச்சையிலும் இருக்கலாம். பழைய துணியைத் திணித்து, குதிகாலில் சுருக்கம் விழவைத்து, கணுக்கால் பட்டையின் வரிப்பின்னல் தெரியும்படி சாய்த்து வைத்தேன். படம் பிரிந்தது அதில்தான். ஆட்களைப் பிரிப்பது செருப்பு இல்லை, அதன் பக்கத்தில் இருக்கும் பொருள்.

சாம்பல் கட்சி பெரிதாக இருப்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம், பகல் வெளிச்சம் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில்தான் பெரும்பாலும் மாறும், பச்சை வெளிச்சத்தைக் கழிக்கும் பழக்கம் நம் கண்ணுக்குக் குறைவு. அதனால் அடுத்து நீலம்-மஞ்சள் திசையில் ஒன்று செய்யப் போகிறேன், அதற்கு வேறு நிறச் செருப்பு வேண்டும். ஜப்பானிய உளவியலாளர் அகியோஷி கிட்டாவோகாவின் 2017 ஸ்ட்ராபெர்ரி படம் மாதிரி, சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் சிவப்பைக் காட்டும் ஒன்றும் மனதில் இருக்கிறது. அதற்கு முன்னால் பலமுறை துவைத்து மங்கிய சாக்ஸை வைத்து இதே படத்தை இன்னொரு தடவை எடுக்க வேண்டும்.

நான் மட்டும் இந்தப் படத்தில் சாம்பலை நேராகப் பார்த்ததே இல்லை. அந்தச் செருப்பு ரோஸ் என்று தெரிந்தே வாங்கியவன் நான். கட்டைவிரலால் சாக்ஸை மறைத்தால் சாம்பல் வருகிறது, விரலை எடுத்ததும் மறுபடி ரோஸ்.